சாப்பாடு இறங்காத குழந்தையை ஏன் ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்புகிறார்கள்?

ஒன்றரை வயதுக் குழந்தை இட்லியை வாயிலேயே அதக்கி வைத்துக்கொள்கிறது. தண்ணீர் குடித்தால் அடிக்கடி புரையேறுகிறது. சாதத்தைக் கொஞ்சம் கட்டியாகக் கொடுத்தால் ஓங்கரித்து வெளியே தள்ளுகிறது. மருத்துவரிடம் காட்டினால், பசி மருந்து எழுதித் தருவார் என்று எதிர்பார்த்த இடத்தில் ‘ஸ்பீச் தெரபி’ என்று எழுதித் தருகிறார். பெற்றோர் குழம்பிப் போகிறார்கள். பிள்ளை பேசும் வயதே இன்னும் சரியாக வரவில்லை, சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம்? பலர் அந்தச் சீட்டை அப்படியே மடித்து வைத்துவிட்டு, இன்னொரு டானிக் வாங்கப் போய்விடுகிறார்கள்.

விழுங்குதல் எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் அந்தச் சீட்டின் காரணம் விளங்கும். அங்கிருந்தே தொடங்கலாம்.

ஒரு வாய் சோறு உள்ளே போகும் வழி

வாயில் வைத்த உணவு வயிற்றுக்குப் போய்ச் சேர்வதை நான்கு கட்டங்களாகப் பிரிப்பார்கள்.

1. பதப்படுத்துதல். உதடு மூடுகிறது, தாடை மெல்கிறது. நாக்கு உணவைப் பக்கவாட்டில் கடைவாய்க்குத் தள்ளுகிறது, திரும்ப நடுவே கொண்டுவருகிறது, எச்சிலோடு சேர்த்து உருண்டையாக்குகிறது.

2. பின்னால் தள்ளுதல். நாக்கு அண்ணத்தோடு அழுந்தி, உருண்டையைத் தொண்டை வாசலுக்கு நகர்த்துகிறது.

3. தொண்டையைக் கடத்தல். இதுதான் ஆபத்தான கட்டம். மென்னண்ணம் உயர்ந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலே எழும்புகிறது, குரல்நாண்கள் இறுக மூடுகின்றன, குரல்வளை மூடி கவிழ்கிறது, மூச்சு ஒரு கணம் நிற்கிறது. உணவுக்குழாயின் மேல்வாய் திறக்கிறது. இவ்வளவும் ஏறக்குறைய ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். தொடங்கிவிட்டால் நம்மால் நடுவில் நிறுத்த முடியாது.

4. உணவுக்குழாய் வழியே வயிற்றுக்கு இறங்குதல்.

சுமார் 30 தசைகளும், மூளையிலிருந்து நேராக இறங்கும் ஐந்தாறு ஜோடி நரம்புகளும் இதில் பங்கெடுக்கின்றன. மூச்சும் சோறும் தொண்டையில் ஒரே வழியைப் பங்குபோட்டுக்கொள்வதால், முறை தவறினால் உணவோ பாலோ மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதைத்தான் புரையேறுதல் என்கிறோம். எப்போதாவது ஏறினால் இருமித் துப்பிவிடலாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் நுரையீரல் பாதிக்கப்படும்.

கைக்குழந்தைக்கு இது இன்னும் கடினம். தாய்ப்பால் குடிக்கும்போது சுமார் நொடிக்கு ஒரு முறை உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். இந்த மூன்றையும் ஒருங்கிணைக்கும் திறன் கருவின் 34ஆவது வாரத்தை ஒட்டித்தான் ஓரளவு கைகூடுகிறது. 30 வாரத்தில் பிறந்த குழந்தையால் மார்பில் வாய்வைத்துக் குடிக்க முடியவில்லை என்றால் அது சோம்பலும் இல்லை, தாயின் குறையும் இல்லை. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள குழந்தை சீக்கிரமே களைத்துப்போய்ப் பாலை விட்டுவிடுவதும் இதனால்தான். ஏற்கெனவே வேகமாக மூச்சு வாங்கும் குழந்தையால் ஒவ்வொரு விழுங்கலுக்கும் மூச்சை நிறுத்தி நிறுத்திச் சமாளிக்க முடிவதில்லை.

சரி, இதில் ஸ்பீச் தெரபிஸ்ட் எங்கே வந்தார்?

உதடு, நாக்கு, தாடை, அண்ணம், குரல்வளை, மூச்சு ஆகியவைதான் பேச்சுக்குக் கருவிகள். விழுங்குவதற்கும் அவையே. அந்தத் தசைகளையும் நரம்புகளையும் விரிவாகப் படித்த சிகிச்சையாளர் என்பதால் விழுங்கல் குறைபாடும் அவரிடம் வந்து சேர்ந்தது. பக்கவாதம், தொண்டைப் புற்றுநோய் வந்த பெரியவர்களிடம்தான் இது முதலில் வளர்ந்தது. அமெரிக்கப் பேச்சுச் சிகிச்சையாளர் ஜெரி லோகமன் எக்ஸ்ரே வீடியோவில் விழுங்குதலைப் பதிவுசெய்து ஆராயும் முறையை 1970களிலும் 80களிலும் வளர்த்தெடுத்தார். மூக்கு வழியே மெல்லிய கேமரா விட்டுப் பார்க்கும் முறையை 1988இல் சூசன் லாங்மோரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். அவரும் பேச்சுச் சிகிச்சைத் துறையைச் சேர்ந்தவர்தான். பிறகு இரண்டு முறைகளும் குழந்தைகளுக்கும் வந்தன.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு எளிதாக வந்துவிடலாம். கருவி ஒன்றுதான் என்றால், மென்று பழகினால் பேச்சு வரும், வாய்க்குப் பயிற்சி கொடுத்தால் மொழி வரும் என்று தோன்றும். அப்படி இல்லை. மெல்லுவதையும் பேசுவதையும் மூளை தனித்தனி ஒழுங்கில் நடத்துகிறது. ஊதுவது, நாக்கை நீட்டி மடக்குவது, கன்னத்தில் அதிர்வுக் கருவி வைப்பது போன்றவை பேச்சை வளர்க்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. மூக்குக் குழாயில் உணவு பெறும் குழந்தை அழகாகப் பேசலாம். எல்லாம் மென்று தின்னும் குழந்தைக்குப் பேச்சு வராமலும் இருக்கலாம்.

சாப்பிடுவது கற்றுக்கொள்ளும் திறமை

பசித்தால் தானாகச் சாப்பிடும் என்பது பொதுவான நம்பிக்கை. முதல் சில மாதங்களுக்கு அது கிட்டத்தட்ட உண்மை. கன்னத்தைத் தொட்டால் தலை திரும்புவதும், வாயில் பட்டதும் உறிஞ்சுவதும் பிறவி அனிச்சைகள். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் இவை மங்குகின்றன. வாயில் வைத்ததை நாக்கு வெளியே தள்ளும் அனிச்சையும் அப்போதுதான் குறைகிறது. அதற்குப் பிறகு சாப்பிடுவது முழுக்கக் கற்றுக்கொண்டு செய்யும் வேலை. அனிச்சை போன பிறகு திறமை வந்து சேராவிட்டால், அதுவரை நன்றாகப் பால் குடித்த குழந்தை ஆறேழு மாதத்தில் திடீரென்று மறுப்பதுபோல் தெரியும்.

உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரிசை இது: ஆறு மாதம் முடிந்ததும் மசித்த உணவு. எட்டு மாத வாக்கில் கையில் பிடித்துத் தின்னும் உணவு. ஒரு வயதில் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே தகுந்த பதத்தில். சிறு கட்டிகள் உள்ள உணவைத் தொடங்குவது பத்து மாதத்தைத் தாண்டித் தள்ளிப்போனால் பின்னால் உணவுச் சிக்கல் வரும் வாய்ப்பு கூடும் என்றும் அது எச்சரிக்கிறது. பிரிட்டனில் பிரிஸ்டல் பகுதிக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில் இதே போக்கு தெரிந்தது. கட்டி உணவைத் தாமதமாகத் தொடங்கியவர்களிடம் உணவுச் சிக்கல்கள் 15 மாதத்திலும் அதிகமாக இருந்தன, ஏழு வயதிலும் அதிகமாக இருந்தன.

நம் வீடுகளில் மிக்ஸி செய்யும் வேலை இங்கேதான் கவலை தருகிறது. தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் இரண்டரை வயதுவரை பருப்பு சாதத்தை அரைத்து ஊட்டுகிறார்கள். குழந்தை எடை கூடுகிறது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் நாக்கு உணவைக் கடைவாய்க்குத் தள்ளிப் பழகவே இல்லை. மூன்று வயதில் பள்ளிக்கு அனுப்பும்போது தோசையைக் கொடுத்தால் முழுசாக விழுங்கப் பார்க்கிறது, அல்லது துப்புகிறது. வாயில் கோளாறு எதுவும் இல்லாமலே வந்து சேரும் குறைபாடு இது.

ஓங்கரிப்பதையும் மூச்சடைப்பதையும் பிரித்துப் பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். புது உணவைத் தொடும் குழந்தை ஓங்கரிப்பது இயல்பு. கைக்குழந்தைக்கு அந்த அனிச்சை நாக்கின் முன்பகுதியிலேயே தூண்டப்படும், வளர வளரப் பின்னுக்கு நகரும். ஓங்கரிப்பில் சத்தம் வரும், முகம் சிவக்கும், குழந்தை தானே சமாளித்துக்கொள்ளும். மூச்சடைத்தால் சத்தம் வராது, நிறம் மாறும். அது உடனடி அவசரம். முதலாவதைப் பார்த்துப் பயந்துதான் பலர் மீண்டும் மிக்ஸியை எடுக்கிறார்கள்.

அடம் எது, குறைபாடு எது

இதற்கு நீண்ட காலம் தெளிவான வரையறை இல்லாமல் இருந்தது. ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு பெயர் சொன்னது. 2019இல் பல துறை நிபுணர்கள் கூடி ‘குழந்தை உணவூட்டல் குறைபாடு’ என்பதற்கு ஒரு பொது வரையறை வெளியிட்டார்கள். வயதுக்கு ஏற்ற அளவிலும் விதத்திலும் வாய்வழி உணவு போகாமல் இருந்து, அதோடு கீழ்க்காணும் நான்கில் ஒன்றாவது சேர்ந்திருந்தால் அது குறைபாடு.

1. உடல்நலம்: மூச்சு, இதயம், குடல், நரம்புக் கோளாறுகள், புரையேறுதல்.
2. ஊட்டம்: எடைக் குறைவு, சத்துக் குறைவு, குழாயையோ சத்துப் பானத்தையோ நம்பியிருத்தல்.
3. உண்ணும் திறன்: வயதுக்குரிய பதத்தை மெல்ல, விழுங்க முடியாமை.
4. மனமும் வீட்டுச் சூழலும்: சாப்பாட்டைக் கண்டாலே ஒதுங்குதல், ஊட்டுபவருக்கும் குழந்தைக்கும் இடையே போராட்டம்.

இந்த வரையறையின் பயன் மூன்றாவதையும் நான்காவதையும் முதலிரண்டுக்குச் சமமாக வைத்ததில் இருக்கிறது. எடை சரியாக இருக்கிறது, ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது, அதனால் பிரச்சினை இல்லை என்று அனுப்பிவிடுவது இதன்படி சரியாகாது. நாலு வயதில் அரைத்த உணவு மட்டும் உண்ணும் குழந்தைக்கு எடை இருந்தாலும் குறைபாடு உண்டு. அமெரிக்காவில் 2021 அக்டோபர் முதல் இதற்கென நோய்க் குறியீடும் வந்துவிட்டது.

உடல் எடையைப் பற்றிய கவலையால் சாப்பாட்டைத் தவிர்ப்பது வேறு. அப்படியொரு கவலை இல்லாமலே உணவின் மணம், பதம், விழுங்கும் பயம் காரணமாகக் கடுமையாக ஒதுக்குவதை மனநல மருத்துவம் 2013 முதல் தனியாக வகைப்படுத்தியிருக்கிறது. இரண்டு வயதில் எல்லாக் குழந்தைகளும் கொஞ்ச நாள் கத்தரிக்காயை ஒதுக்குவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எந்தக் குழந்தைகளுக்கு அதிகம்

மருத்துவ நூல்களில் அடிக்கடி காணும் கணக்கு, இயல்பாக வளரும் குழந்தைகளில் நான்கில் ஒருவருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் உணவுச் சிக்கல் உண்டு, வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களில் ஐந்தில் நால்வர் வரை என்பது. முதல் எண்ணில் லேசான தொந்தரவுகளும் சேர்த்து எண்ணப்படுவதால் அதை வைத்துப் பதற வேண்டியதில்லை. இரண்டாவது எண்ணைக் கவனமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

குறைமாதக் குழந்தைகளைப் பற்றி முன்பே சொன்னோம். அவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வாரக்கணக்கில் மூக்கு வழியே வயிற்றுக்குப் பால் செலுத்தும் ரைல்ஸ் டியூப், வாயில் செயற்கைச் சுவாசக் குழாய், அடிக்கடி சளி உறிஞ்சுதல் என்று இருந்த குழந்தைக்கு, வாய்ப்பக்கம் வருவது எல்லாமே வேதனை என்று பதிந்துபோகும். வீட்டுக்கு வந்த பிறகும் கரண்டியைக் கண்டால் தலையைத் திருப்பும். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும்போது தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. குழாயோடு இருந்து வந்த குழந்தையின் பயத்தை அது இன்னும் கூட்டத்தான் செய்யும்.

உதடு, அண்ணப் பிளவு சுமார் 700 பிறப்புகளில் ஒன்றில் வருகிறது. உதடு மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் தாய்ப்பால் குடிக்க வைக்கலாம். அண்ணம் பிளந்திருந்தால் வாய்க்குள் உறிஞ்சு விசை உருவாகாது, எவ்வளவு முயன்றாலும் பால் வராது. குழந்தை பசியோடு மணிக்கணக்கில் உறிஞ்சிக் களைத்து எடை இழக்கும். அண்ணத்துக்கான அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டித்தான் நடக்கும் என்பதால் அதுவரை உடல் தேற வேண்டும். கறந்த தாய்ப்பாலைப் பிழிந்து கொடுக்கும் தனிப் பாட்டில்களோ, நம் ஊர்ப் பாலாடையோ இங்கே கைகொடுக்கும். சங்கு என்று சொல்லும் இந்தப் பாலாடை இந்தியப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் முறையாகவே பயன்பாட்டில் இருக்கிறது. ஆனால் ஊட்டும் விதம் முக்கியம். காலை நீட்டி அதில் மல்லாக்கப் படுக்கவைத்து, அழும் வாயில் கவிழ்ப்பது புரையேற வழி. குழந்தையைத் தலை உயர்த்திச் சாய்த்துப் பிடித்து, விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, அது எடுத்துக்கொள்ளும் வேகத்தில் துளித்துளியாகக் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்தபின் அடுத்ததைக் கொடுக்க வேண்டும்.

மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குத் தாடை, நாக்கின் கட்டுப்பாடே சிக்கல். உடம்பு பின்னால் வளைந்து தலை மல்லாந்தால் குரல்வளை சரியாக மூடாது. டவுன் சிண்ட்ரோமில் தசைத் தளர்ச்சி. ஆட்டிசத்தில் பெரும்பாலும் விழுங்குதல் நன்றாகவே இருக்கும். பதம், நிறம், மணம், எந்தத் தட்டு என்பதுகூட முக்கியமாகி, நாலைந்து பண்டங்களுக்குள் உணவு சுருங்கிவிடும். எதுக்களிப்பு, மலச்சிக்கல், இரும்புச்சத்துக் குறைவு, உணவு ஒவ்வாமை ஆகியவையும் பசியைக் கெடுக்கும். நாள் முழுக்கப் பாட்டிலில் பால் குடித்துவிட்டுச் சோறு வேண்டாம் என்னும் குழந்தைக்கு முதல் சிகிச்சை பாலைக் குறைப்பதுதான்.

இருமல் வராத புரையேற்றம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதைச் சொல்வேன். புரையேறினால் இருமல் வரும் என்று எல்லோரும் நினைக்கிறோம். நரம்புக் கோளாறு உள்ள பல குழந்தைகளுக்குத் தொண்டையில் உணர்வு மந்தம். பால் மூச்சுக்குழாய்க்குள் போகும், இருமல் வராது, முகம் சுளிக்காது. எக்ஸ்ரே வீடியோவில் புரையேற்றம் உறுதியான குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது இப்படிச் சத்தமில்லாமல் நடந்ததாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன. வெளியே தெரிவது வேறு வடிவத்தில்: அடிக்கடி சளிக் காய்ச்சல், திரும்பத் திரும்ப நிமோனியா, சாப்பிட்டபின் நனைந்த கரகரப்புக் குரல், கண்ணில் நீர், மூச்சு வாங்குதல்.

அதனால்தான் நல்ல சிகிச்சையாளர் முதல் நாளே கரண்டியைக் கையில் எடுக்க மாட்டார். முதலில் பிறப்பு வரலாறு, எடை வரைபடம், நெஞ்சுத் தொற்றின் கணக்கு ஆகியவற்றைக் கேட்பார். குழந்தை எப்படி உட்கார்கிறது, எப்படி மூச்சு விடுகிறது என்று பார்ப்பார். தாயே ஊட்டட்டும் என்று விட்டுக் கவனிப்பார். சந்தேகம் இருந்தால் இரண்டு சோதனைகளில் ஒன்று.

1. எக்ஸ்ரே வீடியோ: எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய பேரியம் கலந்த பாலையும் உணவையும் கொடுத்து விழுங்குவதைப் படமெடுப்பது. வாயிலிருந்து உணவுக்குழாய்வரை தெரியும். கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. சோதனை அறையில் குழந்தை சாப்பிட ஒத்துழைக்க வேண்டும்.

2. மூக்குவழிக் கேமரா: காது மூக்கு தொண்டை மருத்துவரும் சிகிச்சையாளரும் சேர்ந்து செய்வது. கதிர்வீச்சு இல்லை, தாய்ப்பால் குடிக்கும்போதே பார்க்கலாம். ஆனால் விழுங்கும் அந்தக் கணம் மட்டும் திரையில் தெரியாது.

சிகிச்சையில் என்ன செய்வார்கள்

‘சாப்பிட வைப்பது’ இதன் முதல் நோக்கம் இல்லை. வரிசை இப்படிப் போகும்: முதலில் பாதுகாப்பு, அடுத்து போதுமான ஊட்டம், அப்புறம் திறமை, அதோடு சாப்பாட்டின் மேல் நம்பிக்கை. பெற்றோர் கடைசியை எதிர்பார்த்து வருகிறார்கள், சிகிச்சையாளர் முதலாவதில் நிற்கிறார். மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

உட்காரும் நிலை. கேட்பதற்கு அற்பமாகத் தெரியும், பலன் பெரியது. இடுப்பு நேராக, தலை லேசாக முன்னோக்கி, பாதம் எதன் மேலாவது ஊன்றியிருக்க வேண்டும். கால் தொங்கினால் உடல் ஆட்டம் காணும், தாடையும் ஆட்டம் காணும். விலை உயர்ந்த நாற்காலி தேவையில்லை. சுருட்டிய துண்டும் பலகையும் போதும்.

வேகம். பாட்டிலில் குடிக்கும் குறைமாதக் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மெதுவாகச் சொட்டும் நிப்பிள் வைத்து, சில உறிஞ்சலுக்கு ஒருமுறை பாட்டிலைச் சாய்த்து மூச்சுவிட இடம் கொடுப்பார்கள். குழாயில் பால் போகும் நேரத்தில் சூப்பானையோ பால் கறந்துவிட்ட மார்பையோ சப்ப விடுவதும் உண்டு. அப்படிச் செய்த குறைமாதக் குழந்தைகள் குழாயிலிருந்து வாய்க்குச் சீக்கிரம் மாறுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

மெல்லப் பழக்குதல். நாக்கின் நடுவில் வைக்காமல், நீளவாக்கில் வெட்டிய உணவைக் கடைவாய்ப் பக்கம் வைப்பார்கள். நாக்கு அந்தப் பக்கம் தேடிப் போகும். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். நன்றாக வேகவைத்த கேரட், வாழைப்பழத் துண்டு இப்படித் தொடங்கலாம். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, முறுக்கு எல்லாம் இந்தக் கட்டத்தில் கூடவே கூடாது.

ஒதுக்கும் குழந்தைக்கு. ஏற்கெனவே பிடித்த உணவிலிருந்து ஒரே ஒரு குணத்தை மட்டும் மாற்றி அடுத்ததுக்குப் போவார்கள். வெள்ளை இட்லி மட்டும் தின்னும் குழந்தைக்கு அதே இட்லியை வேறு வடிவத்தில், பிறகு லேசாக நெய் தடவி, பிறகு கேரட் துருவல் துளி சேர்த்து. முதலில் தட்டில் இருந்தால் போதும், பிறகு தொட்டால் போதும், பிறகு முகர்ந்தால் போதும். ஒரு புது உணவு ஏற்றுக்கொள்ளப்பட எட்டு முதல் பதினைந்து முறைகூட ஆகலாம். இரண்டு முறை கொடுத்துப் பார்த்துவிட்டு ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முடிவு கட்டுவது அவசரம்.

பதத்துக்கு ஓர் அளவுகோல்

‘கொஞ்சம் கெட்டியாகக் கொடுங்கள்’ என்று ஒருவர் சொன்னால் அது எவ்வளவு கெட்டி? இந்தக் குழப்பத்துக்காகவே ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச அளவுகோல் வந்தது. தண்ணீரை 0 என்றும் வழக்கமான உணவை 7 என்றும் வைத்து எட்டுப் படிகள். நீர்மங்களைச் சோதிக்க ஒரு 10 மில்லி சிரிஞ்சு போதும். முனையை விரலால் அடைத்து 10 மில்லிவரை நிரப்பி, விரலை எடுத்து 10 நொடி ஓடவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் படி 1. 4 முதல் 8 என்றால் படி 2. 8க்கு மேல் மிஞ்சிக் கொஞ்சமாவது இறங்கியிருந்தால் படி 3. சொட்டுக்கூட இறங்காவிட்டால் படி 4. திட உணவிலும் அளவு உண்டு. ஐந்தாம் படியில் குழந்தைகளுக்குத் துணுக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, ஆறாம் படியில் 8 மில்லிமீட்டர்.

நம் சமையலில் இதைப் பொருத்தும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். ராகிக் கூழும் சத்துமாவுக் கஞ்சியும் ஆற ஆற இறுகும். அதனால் ஊட்டும் சூட்டில்தான் சோதிக்க வேண்டும். எச்சில் பட்ட கரண்டியைக் கிண்ணத்தில் திரும்பத் திரும்ப விட்டால் மாவுப்பொருள் கரைந்து கஞ்சி நீர்த்துப்போகும். தொடங்கும்போது படி 3இல் இருந்தது முடியும்போது படி 1க்கு வந்துவிடலாம். ரசம் சாதம் இன்னொரு சிக்கல். நீரும் பருக்கையும் ஒரே வாயில் இருப்பதைச் சமாளிப்பது, விழுங்கல் குறை உள்ள குழந்தைக்குத் தனித்தனியாக இரண்டையும் சாப்பிடுவதைவிடக் கஷ்டம்.

கெட்டியாக்கும் பொடிகளை இணையத்தில் வாங்கிக் கைக்குழந்தையின் பாலில் கலப்பது வேண்டாம். சாந்தன் கம் கொண்ட ஒரு தயாரிப்பு குறித்து, குறைமாதக் குழந்தைகளின் குடலில் ஆபத்தான அழற்சி வந்ததை ஒட்டி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது. 2012இல் அந்த எச்சரிக்கையை எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் விரித்தது.

வற்புறுத்தலும் போனும்

ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் மூக்கைப் பிடிக்க, ஒருவர் ஊற்றுவது. இது பல வீடுகளில் அன்பின் பேரில்தான் நடக்கிறது. ஆனால் அழுதுகொண்டே மூச்சை இழுக்கும்போது குரல்வளை திறந்திருக்கும், அந்த நேரத்தில் ஊற்றியது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டின் மேல் வெறுப்பு வருவது அதற்கும் மேல்.

போன் காட்டி ஊட்டுவது இதைவிட மென்மையாகத் தெரிகிறது. அதில் குழந்தை வாயைத் திறக்கிறது, ஆனால் என்ன போகிறது என்று கவனிப்பதில்லை, மெல்லுவதில்லை, வயிறு நிறைந்ததை உணர்வதில்லை. சிகிச்சையாளரின் பார்வையில் இன்னொரு கோளாறும் உண்டு. குழந்தை ஏன் மறுக்கிறது என்ற தடயத்தை அது மறைத்துவிடுகிறது. வலியால் மறுக்கிறதா, மெல்லத் தெரியாமல் மறுக்கிறதா, பதம் பிடிக்காமலா என்று பார்க்க வழியில்லாமல் போகிறது. எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. இந்தப் பங்கீட்டை முதல் வாரத்திலேயே நடத்திக்காட்டுவது கடினம். எடை ஏற்கெனவே மிகக் குறைந்த குழந்தைக்கு உணவியலாளரின் கண்காணிப்பு இல்லாமல் இதைச் செய்யவும் கூடாது.

நம்பிப் போகும் முன்

தொக்கம் எடுப்பது பல ஊர்களில் இன்னும் நடக்கிறது. சாப்பிடாத குழந்தையின் தொண்டையிலோ வயிற்றிலோ ஏதோ சிக்கியிருப்பதாகச் சொல்லி, வாயால் உறிஞ்சியோ ஊதியோ எதையோ எடுத்துக் காட்டுவார்கள். வயிற்றில் கிடக்கும் உணவை அப்படி வெளியே எடுக்க உடலில் வழி கிடையாது. நோய்த்தொற்று வரலாம், உண்மையான காரணத்தைக் கண்டுபிடிப்பதும் தள்ளிப்போகும்.

நகரத்தில் இதற்கு வேறு வடிவம் இருக்கிறது: எந்தச் சிக்கலுக்கும் நாக்கின் அடிச்சவ்வை வெட்டச் சொல்வது. தாய்ப்பால் பிரச்சினைகளுக்கு இந்த வெட்டு அளவுக்கு மீறிப் பரிந்துரைக்கப்படுகிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2024இல் எச்சரித்தது. சிலருக்கு அது உண்மையிலேயே தேவை. அதற்கு முன் பாலூட்டும் நிலையைத் திருத்திப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

எப்போது, யாரிடம்

கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

1. பால் குடிக்கும்போது உடல் நீலம் பாய்தல், மூச்சு நின்று நின்று வருதல். இதற்கு அன்றே மருத்துவமனை.
2. காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப நிமோனியா.
3. எடை நின்றுபோதல் அல்லது இறங்குதல்.
4. ஒவ்வொரு வேளையும் அரை மணிக்கு மேல் இழுத்தல்.
5. பத்து மாதம் தாண்டியும் மசித்ததை மட்டும் ஏற்றல்.
6. சாப்பிட்டுவந்த பண்டங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே போதல்.

முதலில் குழந்தை நல மருத்துவர், உடல் காரணங்களைப் பார்க்க. பிறகு ஸ்பீச் தெரபிஸ்ட். உட்காரும் நிலையிலோ தொடு உணர்விலோ சிக்கல் இருந்தால் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் சேர்வார். இந்தியாவில் ஸ்பீச் தெரபிஸ்டுகள் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண் கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை. பட்டம் இருந்தாலும் எல்லோரும் விழுங்கல் சிகிச்சையில் அனுபவம் உள்ளவர்கள் இல்லை. ‘கைக்குழந்தைகளின் உணவுச் சிக்கலைப் பார்த்திருக்கிறீர்களா’ என்று நேராகவே கேட்டுவிடலாம்.

அரசுத் தரப்பில், 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. பிறந்ததிலிருந்து 18 வயதுவரை கட்டணமில்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும், மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும் பெரிய மையங்கள். இலங்கையில் இத்துறைப் பட்டப்படிப்பை நடத்துவது களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது வீட்டில் சாதாரணமாக ஒரு வேளை சாப்பிடுவதைப் பத்து நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்வது பெரிய உதவி. குழந்தையின் முகமும் கழுத்தும் தெரிய வேண்டும், போன் காட்டாமல் ஊட்டியதாக இருக்க வேண்டும். மூன்று நாள் என்ன, எவ்வளவு சாப்பிட்டது என்ற குறிப்பு, எடை அட்டை, பழைய நெஞ்சு எக்ஸ்ரே, வழக்கமாக ஊட்டும் அதே கிண்ணம், கரண்டி, பாட்டில், அது ஏற்கும் உணவில் ஒன்று, மறுக்கும் உணவில் ஒன்று. கடைசியாகச் சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்படி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். வயிறு நிறைந்த குழந்தையிடமும், பசியில் அழுது தீர்த்த குழந்தையிடமும் எதையும் சரியாகக் கணிக்க முடியாது.